கலியாணப் படம் நிலைக்கட்டும், குப்பை குறையட்டும்

இடம்பெயர்ந்தபோது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற பேச்சு எமது குடும்பங்களில் இன்றும் ஓயவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்ற வரிசையில் கலியாண அல்பமும் வந்துவிடும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியின் ஊர் ஊராகவும் வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் தாய் தந்தையரின் திருமணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாட்டையும் விதைநெல்லையும் கடன்பட்டாவது மீண்டும் வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே, பிள்ளைகளின் கலியாணத்துக்குப் படம் எடுப்பதை வீண் ஆடம்பரம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

மீள்குடியேறிய கிராமங்களில் இன்று இளைஞர்களும் யுவதிகளும் இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு கமரா, ஒரு கணினி, ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் தொழில் தொடங்கிவிடுகிறது. வயல் இல்லாதவனுக்கும், காணி இன்னும் கைக்கு வராதவனுக்கும் இது ஒரு சீவியம். நல்லது. ஆனால் கமராவைச் சுற்றி வேறு பல பொருட்களும் சேர்ந்துகொண்டன. ரெஜிபோம் மணவறை, பிளாஸ்ரிக் பூ, மினுக்கத்தாள், ஜெனரேற்றர், கை நோகும் பாரத்தில் அல்பம் எனப் பட்டியல் நீள்கிறது. மாப்பிள்ளை பெண்ணை வழியனுப்பிய மறுநாள் காலையில் வளவு மூலையில் புகை எழும்புகிறது. எரியாமல் மிஞ்சியது காற்றில் பறந்து வாய்க்காலில் அடைகிறது. அடுத்த போகத்தில் உழவு இயந்திரத்தின் கலப்பையில் வந்து சிக்குகிறது.

இத்தொழிலைச் செய்பவர்களுக்கும், அவர்களுக்குத் தொழில் கொடுக்கும் பெற்றோருக்கும் உதவும் சில யோசனைகளை இங்கே தருகிறோம். அடிப்படையான கருத்து ஒன்றுதான். சிறு தொழிலில் சூழலைக் கெடுக்கும் ஓட்டைகளும் காசு ஒழுகும் ஓட்டைகளும் பெரும்பாலும் ஒரே ஓட்டைகளே. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும்.

இருட்டறைக் காலம்

பழைய ஸ்ரூடியோக்களில் படம் கழுவும் இருட்டறை இருந்தது. டெவலப்பர் என்ற கரைசலில் ஹைட்ரோகுவினோன் போன்ற இரசாயனங்கள் இருந்தன. படத்தை நிலைக்கச் செய்யும் ‘ஹைப்போ’ கரைசல் பிலிமிலும் தாளிலும் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்தது. ஆகவே பாவித்த ஹைப்போவில் வெள்ளி கலந்திருந்தது. அது மீனுக்கும் நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் தீங்கானது. பெரிய நகரங்களில் அந்த வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றார்கள். சிற்றூர்களில் கழிவுநீர்க் குழியே அதன் முடிவிடமாக இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளூடாக மழைநீர் விரைவாகக் கீழிறங்குகிறது. ஊற்றிய வேறெதுவும் அப்படியே இறங்குகிறது. சுன்னாகத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தில் உயர் நீதிமன்றம் 2019 இல் மக்களுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. நிலத்தில் ஊற்றியது ஒருநாள் வாளியில் ஏறி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

டிஜிற்றல் கமரா வந்தபின் கிராமத்து இருட்டறைகள் மூடப்பட்டன. இது சூழலுக்குக் கிடைத்த பெரும் நன்மை. எனினும் பழைய ஸ்ரூடியோக்களின் பின்னறைகளில் அக்காலப் போத்தல்கள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கிணற்றடியிலோ மலசலகூடக் குழியிலோ ஊற்றவேண்டாம். மூடியை இறுக்கி, பெயர் எழுதி ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். பழைய நெகற்றிவ்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அல்பத்தை இழந்த குடும்பம் ஒன்றின் திருமணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம்.

இருட்டறை போய்விட்டது. ஆனால் வீண் செலவு வேறு வழிகளால் உள்ளே வந்துவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வீதியில் எரியும் பெற்றோல்

பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பரந்தனில் உள்ள படப்பிடிப்பாளர் ஒருவர் முல்லைத்தீவுக் கலியாணம் ஒன்றை ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசிமுடிக்க ஒரு பயணம், முற்பணம் வாங்க ஒன்று, இடம் பார்க்க ஒன்று, கலியாணத்தன்று ஒன்று, படம் தெரிவுசெய்ய ஒன்று, அல்பம் கொடுக்க ஒன்று என ஆறு பயணங்கள். மொத்தம் 600 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 12 லீற்றர் பெற்றோல் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

பேச்சையும் முற்பணத்தையும் தொலைபேசியாலும் வங்கியாலும் முடிக்கலாம். பந்தல் போடும் இடத்தை வீட்டார் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பலாம். தெரிவுசெய்வதற்கான படங்களைச் சிறிய அளவில் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மிஞ்சுவது இரண்டு பயணம், 4 லீற்றர். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். முறை தொடங்கியவேளை மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. அந்த நெருக்கடியில் பழகிய சிக்கனத்தை நெருக்கடி தீர்ந்ததும் கைவிடுவானேன்?

‘கலியாணத்துக்கு முந்திய படம்’ எடுக்க வான் பிடித்து நுவரெலியா போவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. எமது ஊர்க் குளக்கட்டும், பனங்கூடலும், கதிர் முற்றிய வயலும் எந்த மலைநாட்டுக் காட்சிக்கும் குறைந்தவை அல்ல. அங்கும் சில ஒழுங்குகள் வேண்டும். வரம்பில் நின்றே படமெடுங்கள். ஒருவருடைய பயிரை மிதிக்கவேண்டாம். மன்னார் வங்காலை, சுண்டிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட பறவை வாழிடங்களில் ட்ரோன் பறக்கவிடவேண்டாம். கூட்டமாகத் தங்கும் பறவைகள் ஒருமுறை வெருண்டு எழுந்தால் இரையையும் ஓய்வையும் இழக்கின்றன. ட்ரோனுக்குச் சிவில் விமானசேவை அதிகாரசபையின் விதிகளும் உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

2. வெளிச்சமும் மின்சாரமும்

முன்னர் வீடியோக்காரர் 1000 வாற் ஹலோஜன் விளக்குகள் இரண்டை நான்கு மணித்தியாலம் எரித்தார் என்றால் 8 அலகு மின்சாரம் செலவாகும். 100 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு அதே நேரம் எரிந்தால் 0.8 அலகு. இன்றைய கமராக்கள் குறைந்த வெளிச்சத்திலும் நன்றாகப் படம்பிடிப்பதால் பழைய அளவு வெளிச்சம் தேவையே இல்லை. விளக்குச் சூடு குறைவதால் மணப்பெண்ணுக்கும் வியர்வை மிச்சம். இவ்வளவு சிறிய தேவைக்குப் பற்றரியே போதும். ஜெனரேற்றரை வாடகைக்கு எடுக்கவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் சிறந்த விளக்கு காலைச் சூரியன். முகூர்த்தம் காலையில் என்றால், கிழக்கு நோக்கிய மணவறையின் முன்பக்கத்தை மறைக்காமல் விட்டாலே முகங்களில் நல்ல வெளிச்சம் விழும். பந்தலின் கூரையும் முக்கியமானது. நீலத் தரப்பாளின் கீழ் எடுக்கும் படத்தில் எல்லோர் முகமும் நீலம் பாய்ந்து தெரியும். பிறகு கணினியில் மணிக்கணக்காக நிறம் திருத்தவேண்டும். கிடுகு அல்லது வெள்ளைத் துணிக் கூரை மென்மையான நிழல் தரும், நிறத்தைக் கெடுக்காது. தரப்பாளின் கீழ் வாழ்ந்து களைத்த எமக்குக் கலியாணத்திலாவது கிடுகுப் பந்தல் வேண்டாமா?

மின்சாரம் தடைப்படும் கிராமங்களில் 100 வாற் சூரியத் தகடு ஒன்று பெரும் உதவி. நல்ல வெயில் நாளில் இழப்பெல்லாம் போக 300 வாற் மணி அளவு மின்சாரம் அதிலிருந்து கிடைக்கும். கமரா பற்றரி ஒன்றுக்கு 15 வாற் மணி போதும். கமரா, பிளாஷ், தொலைபேசி ஆகிய எல்லாவற்றையும் வெயிலிலேயே சார்ஜ் செய்துவிடலாம்.

3. பற்றரியும் கமராவும்

ஒரு பிளாஷுக்கு நான்கு சிறு பற்றரிகள் வேண்டும். கலியாணத்துக்கு மூன்று தொகுதி என்றால் 12 பற்றரிகள். ஆண்டுக்கு 40 கலியாணம் செய்பவர் 480 பற்றரிகளை எறிகிறார். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகைப் பற்றரிகள் 16 இருந்தால் இந்தத் தேவை முழுவதையும் சில ஆண்டுகளுக்கு நிறைவேற்றலாம். முதலில் விலை கூடத்தான். ஆனால் நூற்றுக்கணக்கான தடவை பாவிக்கலாம். பழுதான பற்றரிகளை அடுப்பிலோ குழியிலோ போடாமல் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் சேர்த்துவைத்து, இலத்திரனியல் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கமராவிலும் சிக்கனம் உண்டு. டிஜிற்றலில் படத்துக்குக் காசில்லை என்று ஒரு கலியாணத்துக்கு 4,000 படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 40 கலியாணத்துக்கு 160,000 தடவை ஷட்டர் திறந்து மூடுகிறது. பல கமராக்களின் ஷட்டர் ஒன்றரை இலட்சம் தடவையை அண்டியே தாங்கும் எனக் கணிக்கப்படுகிறது. அதாவது ஒரே ஆண்டில் ஒரு கமரா தேய்கிறது. யோசித்து 1,200 படம் எடுப்பவரின் கமரா மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்கும். அத்துடன் கணினியின் முன் இருக்கும் நேரமும் சேமிப்புத் தட்டுகளும் குறையும். 36 படமே உள்ள பிலிம் சுருளோடு எமது பழைய படப்பிடிப்பாளர்கள் கலியாணம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் அவர்கள் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கே காசு.

4. அல்பமும் அதன் விலையும்

இங்குதான் விடயத்தின் மையம் இருக்கிறது. தடித்த அல்பத்தின் தாள்மேல் பிளாஸ்ரிக் படலம், உள்ளே பிளாஸ்ரிக் அட்டை, வெளியே ரெக்சின் உறை, அதற்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பை. எதுவும் உக்காது. ரெக்சினில் உள்ள பி.வி.சி. எரிந்தால் டயொக்சின் போன்ற நச்சுப்பொருட்கள் வெளியேறும்.

பக்கத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்டால், ‘பக்கத்திலேதானே எனக்கு இலாபம்’ என்று தொழில் செய்பவர் சொல்வார். அது உண்மை. பக்கத்துக்கும் பொருளுக்கும் விலை வைக்கும்வரை, கூடுதலான பொருளை விற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது. ஆகவே விலை வைக்கும் முறையை மாற்றவேண்டும். ஒரு நாள் உழைப்பு, படம் தெரிந்து திருத்தும் நேரம், பயணம், கருவித் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டி முதலில் உழைப்புக் கூலியைச் சொல்லுங்கள். அச்சும் அல்பமும் அதற்குப் புறம்பாக, வாங்கிய விலைக்குச் சிறிது மேலாக இருக்கட்டும்.

பேசும்போது ஒரு தாய் இப்படிக் கேட்கக்கூடும்: “தம்பி, நூறு பக்க அல்பம்தானே எல்லாரும் எடுக்கினம்? நாற்பது பக்கம் எண்டால் சனம் என்ன சொல்லும்?”

“அம்மா, நூறு பக்கத்தை ஒருத்தரும் முழுக்கப் பாக்கிறேல்லை. நாற்பதிலை உங்கடை ஆக்கள் எல்லாரையும் நான் கொண்டுவாறன். மிச்சக் காசுக்குப் பிள்ளையளுக்கு ஒரு பசுக்கண்டு வாங்குங்கோ.”

இப்படிச் சொல்லும் துணிவு தொழில் செய்பவருக்கு வரவேண்டும். உழைப்புக்கு நேர்மையான கூலி கிடைத்தால் அந்தத் துணிவு வரும். வீட்டாருக்கும் இது சிறிய விடயமல்ல. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர நேர்ந்தது என்றால், எமது வீடுகளில் கடன் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தது என்பது விளங்கும். கலியாணச் செலவும் அக்கடனின் ஒரு வாசல். ஒரு நாள் அலங்காரத்துக்கு மூன்று வருட வட்டி கட்டும் குடும்பத்தில், அந்த அல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் கடன்காரன் முகமும் கூடவே தெரியும்.

வெளிநாட்டு உறவினருக்குத் தட்டும் பெட்டியும் தபாலில் அனுப்பும் காலமும் போய்விட்டது. இணையத்தில் அனுப்பினால் போதும்.

5. மணவறையும் அலங்காரமும்

கிராமங்களில் படமெடுப்பவரே மணவறையையும் வாடகைக்குக் கொடுப்பது உண்டு. அல்லது அலங்காரக்காரரை அவரே ஒழுங்குசெய்வார். ஆகவே அவர் சொல் இங்கே எடுபடும்.

சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. 2017 செப்ரெம்பர் 1 முதல் சமூக, சமய, கலாசார வைபவங்களில் பொலித்தீன் அலங்காரம் தடைசெய்யப்பட்டது. அன்றே ரெஜிபோம் உணவுப் பெட்டியும் லஞ்ச் சீற்றும் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக் உள்ளிட்ட கழிவுகளை வெளியிடத்தில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்ரோபர் 1 முதல் பிளாஸ்ரிக் மாலை, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு முதலியனவும் அப்பட்டியலில் சேர்ந்தன. சட்டம் கடதாசியில் இருக்கிறது. அதை வளவுக்குள் கொண்டுவருவது நாமே.

பதிலுக்கு என்ன? குலை தள்ளிய வாழை, குருத்தோலைத் தோரணம், மாவிலை, கமுகம் பாளை, செவ்விளநீர், நிறைகுடம். இவை படத்தில் அழகாக விழும். மறுநாள் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போகும். ரெஜிபோம் மணவறைக்குப் பதிலாக மரச்சட்டமும் துணியும் கொண்ட மணவறையை ஒருமுறை செய்தால் பல ஆண்டுகள் பாவிக்கலாம். துணியைத் தோய்த்து மாற்றிக் கட்டலாம்.

இங்கே கமக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வருமானமும் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பிளாஸ்ரிக் பூவுக்குக் கொடுக்கும் காசு ஊரைவிட்டுப் போய்விடுகிறது. செவ்வந்தி, மல்லிகை, வாழை, குருத்தோலை ஆகியவற்றுக்குக் கொடுத்தால் அது ஊருக்குள்ளேயே சுற்றும். கிணற்றடி நீர் பாயும் இடத்தில் கால் பரப்புப் பூச்செய்கையைத் திருமண மாதங்களைக் கணக்கிட்டுச் செய்யலாம். தோரணம் கட்டத் தெரிந்த முதியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து இளையோர் பழகட்டும். அல்பத்துக்குப் பிளாஸ்ரிக் பெட்டி வேண்டாம். பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்கள் சங்கங்களிடம் அளவு கொடுத்துச் செய்விக்கலாம். எமது ஓலையில் எமது படம் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

படப்பிடிப்புக் குழுவும் சொந்தத் தண்ணீர்ப் போத்தலோடு போகட்டும். பந்தியில் வாழையிலையில் சாப்பிடட்டும்.

நிலைத்து நிற்கும் படம்

குப்பையாகாத படம்தான் சூழலுக்கு இதமான படம். ஐம்பது ஆண்டு இருக்கும் ஒரு படம், ஐந்து ஆண்டில் மங்கும் நூறு படத்தைவிட மேல். எனவே மலிவான தாளில் கூடுதலாக அச்சிடாமல், நல்ல லாப்பில் நல்ல தாளில் குறைவாக அச்சிடுங்கள். நேர்வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம்.

மாரி வெள்ளம் எமக்குப் புதிதல்ல. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. லாப்பில் அச்சிட்ட படங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டால், காய விடாமல் சுத்தமான குளிர்நீரில் வைத்து மெல்லப் பிரித்து, படப்பக்கம் மேலே தெரிய நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் பிரித்தால் மேல்தோல் உரிந்துவிடும். மையால் அச்சிடும் சாதாரண பிரின்ரரில் எடுத்தவற்றை மட்டும் நீரில் போடாதீர்கள்.

படப்பிடிப்பாளர் ஒவ்வொரு கலியாணத்துக்கும் மூன்று பிரதி வைக்கவேண்டும். ஒன்று வீட்டாரிடம், ஒன்று தம்மிடம், ஒன்று வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம். ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் வெளியேற நேர்ந்த அனுபவம் எமக்கு உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பிரதி இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமம்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. முதல் மாதம் பற்றரியை மாற்றுங்கள். அடுத்துப் பயணத்தைக் குறையுங்கள். மூன்றாவதாக விலைப் பட்டியலைத் திருத்துங்கள். மிச்சமான காசை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். அது சேர்ந்ததும் எல்.ஈ.டி. விளக்கும் சூரியத் தகடும் வாங்கலாம். கடன் தேவையில்லை. அயலில் உள்ள மூன்று நான்கு படப்பிடிப்பாளர்கள் சேர்ந்தால் துணி மணவறையும் விளக்கும் பொதுவாக வைத்திருக்கலாம். லாப்புக்கும் ஒருவரே எல்லோருடைய வேலையையும் கொண்டுபோகலாம்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாடுவதற்கு:

1. எமது கிராமத்தில் கடைசியாக நடந்த கலியாணத்தின் குப்பை எங்கே போனது? யார் அதை அகற்றினார்?

2. அந்தக் கலியாணத்துக்குச் செலவான காசில் எவ்வளவு ஊருக்குள் தங்கியது, எவ்வளவு வெளியே போனது?

3. கலியாணத்துக்குத் தேவையான பூ, வாழை, தோரணம், ஓலைப்பெட்டி ஆகியவற்றில் எதை எமது குடும்பங்கள் அடுத்த போகத்துக்குள் கொடுக்கமுடியும்?

4. படத்தை இழந்த குடும்பங்களுக்காகப் பழைய நெகற்றிவ்களையும் உறவினர் கையிலுள்ள பிரதிகளையும் தேடிச் சேர்க்கும் பொறுப்பை எவர் ஏற்பார்?